ஆன்லைன் பந்தயம்: ஜெயில் இல்லை, சரி, பேங்க் கணக்கு?

"ஆடுறவங்களுக்குத் தண்டனை கிடையாதுன்னு சட்டத்துலயே இருக்காமே சார்?" பந்தய ஆப் விவகாரத்தில் என்னிடம் வருகிறவர்களில் பலரும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். பாதி சரி.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் கொண்டுவந்த சட்டம், பணம் கட்டி, பணம் ஜெயிக்கும் எதிர்பார்ப்பில் ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்கிறது. திறமையா அதிர்ஷ்டமா என்ற பழைய வாதம் அதன் முன் எடுபடாது. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். ஆடுபவருக்கு அதில் தண்டனை இல்லைதான். ஆனால் தமிழ்நாட்டின் 2022-ம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது: ஆன்லைனில் பந்தயம் கட்டினாலே 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ரம்மியையும் போக்கரையும் அதன் பட்டியலிலிருந்து சென்னை உயர் நீதிமன்றம் 2023-ல் எடுத்துவிட்டது. மற்ற சூதாட்டத் தடை நிற்கிறது.

சரி, ஜெயிலுக்குப் பயந்து யாரும் என்னிடம் வருவதில்லை. பேங்க் கணக்கு முடங்கியதால் வருகிறார்கள்.

சட்டவிரோதத் தளங்கள் பல, பணத்தைத் தங்கள் பெயரில் வாங்குவதில்லை. டெபாசிட் போடும் ஒவ்வொரு முறையும் வேறொரு யுபிஐ ஐடி வரும். எல்லாம் வாடகைக்கு எடுத்த யார் யாருடைய கணக்குகளோ. நீங்கள் ஜெயித்த பணமும் அப்படிப்பட்ட கணக்கிலிருந்தே வரும். அதே கணக்கில், பார்ட் டைம் வேலை மோசடியில் ஏமாந்த யாரோ ஒருவரின் பணமும் விழுந்திருக்கும். அவர் 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணில் புகார் செய்கிறார். பணம் போன வழியைப் போலீஸ் பிடித்துக்கொண்டே வரும்போது நடுவில் உங்கள் பெயர் வருகிறது. வந்தது 2,000 ரூபாயாக இருக்கலாம். சில பேங்குகள் சம்பளக் கணக்கு முழுவதையும் முடக்கிவிடும். விசாரிக்கும் ஸ்டேஷன் வேறு மாநிலத்தில்.

இங்கேதான் சிக்கல். "இது கேமில் ஜெயித்த பணம்" என்று அந்த ஸ்டேஷனுக்கு எழுதினால், மோசடியில் பங்கில்லை என்று காட்டலாம். அதே கடிதம், இங்கே பந்தயம் கட்டியதை ஒப்புக்கொள்வதாகவும் ஆகிவிடும். வக்கீலைக் கேட்காமல் ஒரு வரியும் எழுதிக் கொடுக்காதீர்கள்.

தேர்தல் முடிவு, கிரிக்கெட் ஸ்கோர் என்று "ஆமாம், இல்லை" அழுத்தும் கணிப்புச் சந்தைகளை ஷேர் மார்க்கெட் மாதிரி நினைத்துப் பணம் போட்டவர்களும் உண்டு. இவை தன் கட்டுப்பாட்டில் வருபவை அல்ல, முதலீட்டாளர் பாதுகாப்பும் கிடையாது என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2025 ஏப்ரலிலேயே எச்சரித்தது. அமெரிக்காவில் கால்ஷி என்ற கணிப்புச் சந்தை அரசு ஆணையத்தின் மேற்பார்வையில் நடக்கிறது. அந்த அனுமதி இங்கே செல்லாது.

தளம் பணத்தைத் தர மறுத்தால்? பந்தய ஒப்பந்தம் செல்லாது என்கிறது 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 30-வது பிரிவு. வழக்குப் போட்டு வாங்க முடியாது. ஆனால் ஜெயித்த பணத்துக்கு 30 சதவீத வருமான வரி உண்டு! அதில் மட்டும் அரசு கணக்காக இருக்கிறது.

கணக்கு முடங்கியிருந்தால், புகார் எண்ணையும் ஸ்டேஷன் பெயரையும் பேங்கிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். புகாருக்குரிய தொகையை மட்டும் நிறுத்திவைத்து மீதியை விடுவிக்கக் கோரலாம். மறுத்தால் நீதிமன்றம் போகலாம். அப்புறம், கமிஷன் கொடுத்தால் ஒரே நாளில் திறந்து தருகிறேன் என்று டெலிகிராமில் வருபவருக்குப் பதிலே போடாதீர்கள்.