உறக்க வெருட்சி

"பிள்ளை ராவில வெருண்டு கத்துது" என்று மட்டக்களப்பில் ஒரு தாய் வைத்தியரிடம் சொல்கிறார். உறக்கத்தில் பிள்ளை திடீரென வெருண்டு அலறும் இந்த நிலைக்கு வேண்டிய தமிழ்க் கலைச்சொல் அந்த வினையிலேயே இருக்கிறது.

ஆங்கிலத்தில் 'நைட் டெரர்'. பழைய மருத்துவப் பெயர் 'பாவோர் நொக்டூர்னஸ்': இலத்தீனில் பாவோர் அச்சம், நொக்டூர்னஸ் இரவுக்குரியது. இதை 'இரவு அச்சம்' என்று மாற்றினால் இரண்டு சொல்லும் இடறும். பகல் தூக்கத்திலும் இது வரலாம். அச்சத்துக்கோ ஒரு காரணம் வேண்டும். தொல்காப்பியம் அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்கு சொல்கிறது. இந்தப் பிள்ளையின் கண் திறந்திருக்கும், எதிரே ஒன்றும் இராது. வயலில் வெருளி கட்டுவதும் மாடு வெருண்டு கயிற்றை அறுப்பதும் 'வெருள்' என்ற அதே வேர். ஆகவே உறக்க வெருட்சி. (மருத்துவமனை வாட்டில் 'நித்திரை வெருட்சி' என்றாலே விளங்கும், அதுவும் பிழையில்லை.)

ஆழ்ந்த உறக்கத்தில் மூளையின் ஒரு பகுதி மட்டும் விழிப்பதே இது. படுத்து 1 முதல் 3 மணி நேரத்துக்குள் வரும். பெரும்பாலும் 10 நிமிடத்துக்குள் அடங்கும். வியர்க்கும், நெஞ்சு படபடக்கும், காலையில் நினைவிராது. கெட்ட கனவு விடியப்புறம் வரும், நினைவிலும் நிற்கும். அமுக்குவான் வேறு: அதில் அறிவு விழித்திருக்கும், உடல் அசையாது.

நித்திரைக் குறைவே பெரிய தூண்டுதல். வைகாசிச் சடங்குக்கு விடியவிடிய விழித்த பிள்ளை மறுநாள் வழமையைவிட ஆழமாக உறங்கும். வெருட்சிக்கு அதுவே வாய்ப்பு. காய்ச்சலும், முட்டிய சிறுநீரும், வீங்கிய டொன்சிலால் வரும் குறட்டையும் தூண்டும்.

பிள்ளை வெருளும் நேரம் உலுக்கி எழுப்புவதும் முகத்தில் தண்ணீர் அடிப்பதும் திமிறலைக் கூட்டும். விழாமல், முட்டாமல் பார்த்துக்கொண்டால் போதும். நூல் கட்டுவதால் கெடுதியில்லை, ஆனால் பிள்ளையை அரை மணி முந்தியே படுக்கவும் வையுங்கள். ஒரு வாரம் நேரம் குறித்துப் பாருங்கள். தினமும் 10 மணிக்கு வந்தால் 9.40க்கு மெல்லத் தட்டி அரைவிழிப்பாக்கி மறுபடி உறங்க விடுங்கள்; 2 முதல் 4 வாரம் தொடர வேண்டும்.

வளர்ந்தவர்களில் மது, மன அழுத்தம், உறக்கத்தில் மூச்சுத் தடைப்படல், சில நித்திரைக் குளிசைகள் ஆகியவற்றைத் தேட வேண்டும். ஐம்பது கடந்தவர் விடியப்புறம் கனவுக்கேற்பக் கைகால் வீசினால் அது வேறு நோய்.

கைகால் விறைத்து ஒரே மாதிரி வெட்டினாலோ, ஒரே இரவில் பலமுறை வந்தாலோ வலிப்பா என்று பார்க்க வேண்டும். கைபேசியில் ஒரு நிமிடம் படம்பிடித்துக் கொண்டுபோங்கள். வாயால் விவரிப்பதைவிட அது வைத்தியருக்கு உதவும்.