சைக்ளிங்னா "நீர் சுழற்சி" இல்லீங்க

நேத்து ராத்திரி மறுபடியும் ஒரு தமிழ் வீடியோ, புதுசா மீன் தொட்டி வைக்கிறது எப்படின்னு. ரெண்டாவது நிமிஷத்துலயே வந்துடுச்சு, "மீன் விடுறதுக்கு முன்னாடி நாலு வாரம் நீர் சுழற்சி செய்யணும்". இங்கிலீஷ்ல மீன் தொட்டிக்கு சைக்ளிங்னு சொல்றததான் இப்படி தமிழாக்குறாங்க. எத்தனாவது தடவ கேக்குறேன்னு கணக்கே இல்ல, அதான் எழுத உக்காந்துட்டேன்.

சொல் வந்த வழி சீக்கிரம் சொல்லிடறேன். கிரேக்கத்துல குக்ளோஸ்னா வட்டம், சக்கரம். அது லத்தீன் வழியா போய் சைக்கிள் ஆச்சு. நாம சமஸ்கிருதத்துலேர்ந்து எடுத்துக்கிட்ட சக்கரமும் இதுக்குப் பங்காளிதான், ரெண்டுக்கும் மூதாதை ஒண்ணு. மீன் வளக்குறவங்க சொல்ற சைக்ளிங், நைட்ரஜன் சைக்கிள்ங்கிறத வெட்டி சுருக்கினது.

பொருள் என்னன்னா, மீனோட செவுள்லேர்ந்தும் கழிவுலேர்ந்தும், தின்னாம கிடந்து அழுகுற தீனிலேர்ந்தும் அம்மோனியா வரும், அது விஷம். ஒரு வகை பாக்டீரியா அத நைட்ரைட்டா மாத்தும், அதுவும் விஷம்தான், மீன் ரத்தத்தையே பழுப்பாக்கி மூச்சு முட்ட வச்சிடும். இன்னொரு வகை அத நைட்ரேட் ஆக்கும், அது அவ்வளவு மோசமில்ல, வாராவாரம் கொஞ்சம் தண்ணி மாத்துனா சமாளிச்சிடலாம். (இந்த ரெண்டாவது வேலைய நைட்ரோபாக்டர் பண்ணுதுன்னு இன்னும் எழுதிட்டு இருக்காங்க, நன்னீர் தொட்டில அது நைட்ரோஸ்பைரான்னு 1998லயே ஆராய்ச்சில காட்டியாச்சு.) புது தொட்டில இந்த கூட்டம் போதுமான அளவு இருக்காது. ஃபில்டர் ஸ்பாஞ்ச்லயும் கல்லுலயும் ஒட்டிப் பெருக நாலுலேர்ந்து ஆறு வாரம் ஆகும், அதுவரைக்கும் அதுக்கு சாப்பாடா அம்மோனியா போடணும். இதத்தான் சைக்ளிங்ங்கிறாங்க.

இப்ப சொல்லுங்க, இதுல நீர் எங்க சுழலுது? நீர் சுழற்சின்னா கடல் தண்ணி ஆவியாகி மேகமாகி மழையா வர்றதுன்னு ஸ்கூல்லயே படிச்சிட்டோம், அந்த சீட்டுல ஏற்கனவே ஒருத்தர் உக்காந்திருக்கார். சரி வேற அர்த்தத்துல எடுத்துக்கலாம்னா, மோட்டார் போட்டு தண்ணிய சுத்த விடுறதுன்னுதான் யாருக்கும் தோணும். எங்க மாடி வீட்டுத் தம்பிக்கும் அப்படித்தான் தோணிச்சு. சென்னைல மீன் கடைங்க இருக்குற கொளத்தூர் போய் ரெண்டடி தொட்டி வாங்கிட்டு வந்தான், குளோரின் போக ஒரு நாள் விட்டான், மூணு வாரம் ராத்திரி பகலா ஃபில்டர் ஓட்டினான், ஒரு சிட்டிகை தீனி போடல. தண்ணி பளிங்கு மாதிரி இருந்துச்சு. எட்டு மீன் விட்டான், அஞ்சாவது நாள் ரெண்டுதான் மிச்சம், அதுவும் தண்ணிக்கு மேல வாய வச்சு மூச்சுக்குத் தவிக்குது. நான் வச்சிருக்குற டெஸ்ட் கிட்டால தண்ணிய டெஸ்ட் பண்ணிப் பாத்தா, மஞ்சளா இருக்க வேண்டிய அம்மோனியா டியூப் நல்ல பச்சை, அதாவது அம்மோனியா ஏகத்துக்கு இருக்கு. "அண்ணே, நாந்தான் மூணு வாரம் சுழற்சி பண்ணேனே"ங்கிறான். அவன் மேல என்ன தப்பு, சொன்னத சொன்னபடியே செஞ்சிருக்கான்.

"நைட்ரஜன் சுழற்சி"ன்னா சண்டையில்ல, பாடப்புத்தகத்துல அது சரியாத்தான் இருக்கு. ஆனா அது இயற்கைல நடக்குறதோட பேரு, தொட்டிக்கு நாம செய்யற வேலையோட பேரு இல்ல. அதுவும் சாதாரண தொட்டில வட்டம் முழுசா சுத்தறதுகூட கிடையாது, நைட்ரேட்ல வந்து நின்னுடும், மிச்சத்த நாம வாளில மொண்டு ஊத்துறோம். இங்கிலீஷ்காரன் சோம்பேறித்தனத்துல சுருக்கி வச்ச பேரு அது, அந்த சோம்பேறித்தனத்தையும் சேத்து ஏன் மொழிபெயர்க்கணும்?

இன்னொரு கூட்டம் "தொட்டியைப் பதப்படுத்துதல்"னு எழுதுது. கேக்க தமிழா இருக்கு, அதான் இன்னும் ஆபத்து. தோலப் பதப்படுத்துவோம், மீனப் பதப்படுத்துவோம், எல்லாமே கிருமி அண்டக்கூடாதுன்னு. இங்க நாம கிருமிய சோறு போட்டு வளக்குறோம். நேர் எதிர்!

எனக்குக் கேட்டா தொட்டி பழக்குறது, எழுத்துல எழுதணும்னா தொட்டி பழக்குதல். புதுசா இரும்பு தோசைக்கல் வாங்கினா உடனே மாவு ஊத்துவீங்களா? எண்ணெய் தடவி, வெங்காயம் தேச்சு, கல்லப் பழக்குவீங்க. மண்சட்டிய அரிசி கழுவுன தண்ணி ஊத்தி வச்சுப் பழக்குவீங்க. புதுப் பாத்திரம், பொறுமையா சில நாள், அப்புறம்தான் புழக்கம். சொல்லும்போதே நாள் ஆகும்னு புரிஞ்சிடுது. பழைய தொட்டி ஸ்பாஞ்ச எடுத்து, அதுல இருக்குற பாக்டீரியா வரட்டும்னு புதுத் தொட்டில புழியறத "விதைத்தல்"னு எழுதறாங்க. அது உறை ஊத்துறதுங்க, தயிருக்கு ஊத்துற மாதிரி! நம்ம சமையக்கட்டுல கைக்கெட்டுற தூரத்துல சொல் இருக்கு, இவங்க அகராதியத் தூக்கிட்டு அலையறாங்க. விவசாயத்துல நைட்ரஜனுக்கு தழைச்சத்துன்னு பேரு வச்சவங்கள பாருங்க, இலை பச்சையா தழைக்கிறதுல அதுக்கு இருக்குற வேலைய பேர்லயே சொல்லிட்டாங்க. "மீன் இல்லா சுழற்சி"ன்னு எழுதற ஆளு அந்தப் பக்கம் தலை வச்சுகூட படுத்திருக்க மாட்டாரு. மீன் விடாம பழக்குறதுன்னு சொன்னா வாய் வலிக்குதா?

ஒரு குறை இருக்கு, ஒத்துக்கறேன். கடைலேர்ந்து கவர்ல வந்த மீன, கவரோட கால் மணி நேரம் மிதக்க விட்டு தொட்டித் தண்ணியக் கொஞ்சம் கொஞ்சமா சேக்குறோமே, அதையும் பழக்குறதுன்னுதான் சொல்லுவோம். வெறுமனே "பழக்கிட்டேன்"னா எதன்னு கேக்க வேண்டி வரும். அதனால தொட்டி பழக்குறது, மீன் பழக்குறதுன்னு முன்னாடி ஒரு சொல் சேத்தே சொல்லணும். அதுக்கும் சோம்பலா இருந்தா பேசாம "டேங்க் செட் ஆகட்டும்"னே சொல்லுங்க, அந்த "நீர் சுழற்சி" மட்டும் வேணாம்.