பான்டிஃப்ராக்ட் கேக்: அணிச்சல் அல்ல, வில்லை

இங்கிலாந்துப் பயண நிகழ்ச்சி ஒன்றின் தமிழ் வரிகளில் "பான்டிஃப்ராக்டின் புகழ்பெற்ற அதிமதுர அணிச்சல்" என்று ஓடியது. 'பான்டிஃப்ராக்ட் கேக்' என்ற பெயரில் உள்ள கேக்கை, அதற்குத் தமிழில் வழங்கும் அணிச்சல் என்ற சொல்லாக அப்படியே மாற்றிவிட்டார்கள். திரையில் தெரிந்ததோ காசு அளவில், கறுப்பாக, தட்டையாக ஒரு மிட்டாய். இதே தவறை முன்பே இரண்டு இடங்களில் பார்த்தாயிற்று. மூன்றாம் முறையும் பேசாமல் போக மனம் வரவில்லை.

பான்டிஃப்ராக்ட், வட இங்கிலாந்தில் வேக்ஃபீல்ட் மாநகர எல்லைக்குள் இருக்கும் சிறிய ஊர். பெயர் லத்தீன், உடைந்த பாலம் என்று பொருள். அங்கே மண் ஆழமானது, பொலபொலப்பானது. வேர் நீளமாக இறங்கும் அதிமதுரத்துக்கு அது தோதான மண். வேரைக் காய்ச்சி எடுத்த சாறு முதலில் மருந்தாகத்தான் விற்றது. 1760-இல் ஜார்ஜ் டன்ஹில் என்ற மருந்து வணிகர் அதில் சர்க்கரை சேர்த்து மிட்டாயாக்கினார் என்பார்கள். ஏறக்குறைய 2 செ.மீ. குறுக்களவு, மேலே கோட்டையும் பறவையும் பதித்த முத்திரை. மென்றால் ரப்பர் போல இழுக்கும். இதை அடுப்பில் சுட்டு உப்ப வைப்பதும் இல்லை, மேலே பாலாடை தடவுவதும் இல்லை.

அப்புறம் ஏன் 'கேக்' என்கிறார்கள்? ஸ்காண்டிநேவியாவில் முன்பு பேசிய பழைய நார்ஸ் மொழியின் 'காகா' என்ற சொல்லிலிருந்து வந்தது அது. தட்டையான சிறு ரொட்டிதான் அதன் பழைய பொருள். பிறகு தட்டி, அழுத்தி, உருவாக்கிய எதற்கும் ஆங்கிலத்தில் கேக் என்றே பெயராயிற்று. சோப்பும் கேக், எண்ணெய் எடுத்த சக்கையும் கேக், சாணத்தைத் தட்டிக் காயவைத்தாலும் கேக். நாமோ சோப்புக் கட்டி என்கிறோம், பிண்ணாக்கு என்கிறோம், வறட்டி என்கிறோம். ஒன்றையாவது யாராவது அணிச்சல் என்று சொன்னதுண்டா? மாட்டுக்கு எள் அணிச்சல் வைத்தேன் என்று எழுதினால் நாமே தாள மாட்டோம். அதிமதுரத்துக்கு மட்டும் ஏன் இந்த அவசரம்?

அணிச்சல் என்ற சொல்லோடு எனக்குப் பகை இல்லை. புலம்பெயர்ந்த தமிழர்கள் பிறந்தநாள் அழைப்பிதழில் 'அணிச்சல் வெட்டுதல்' என்று அச்சிடுவதைப் பார்த்தால் மகிழ்ச்சிதான். மாவு, முட்டை, வெண்ணெய் சேர்த்துச் சுடும் பண்டத்துக்கு அது இருக்கட்டும். வட இங்கிலாந்தின் பார்கின், ஓட்ஸ் மாவும் இஞ்சியும் வெல்லப்பாகும் சேர்த்துச் சுடுவது. அதை அணிச்சல் என்றால் ஒப்புக்கொள்வேன். ஆனால் பொருளைப் பார்க்காமல், அகராதியில் கேக் என்பதற்கு எதிரே இருப்பதை எடுத்து ஒட்டுவது மொழிபெயர்ப்பாகாது. தூய தமிழ்ச் சொல்லாக இருந்தாலும் தவறான பொருளில் நின்றால் அது பிழைதான்.

இதற்கு நம்மிடமே வில்லை இருக்கிறது. கற்பூர வில்லை, மருந்து வில்லை என்று பாட்டிமார் வாயில் புழங்கிய சொல். சிறியது, வட்டமானது, தட்டையானது என்ற மூன்றும் அதற்குள்ளேயே வந்துவிடும். மருந்தாகத் தொடங்கி மிட்டாயான பண்டத்துக்கு இதைவிடப் பொருத்தம் எது? பாடநூலில் லென்ஸுக்கும் வில்லை என்றுதானே பெயர், குழப்பம் வராதா என்று கேட்கலாம். வராது. லென்ஸுக்கு அந்தப் பெயர் வந்ததே வடிவத்தால்தான். அதிமதுர வில்லை என்றால் கண்ணாடியை யாரும் நினைக்க மாட்டார்கள். 'அதிமதுர மிட்டாய்' தவறில்லை, ஆனால் குச்சியா, உருண்டையா என்று தெரியாமல் போகும்.

அதிமதுரத்தில் மாற்றுக் கருத்து வேண்டாம். வடமொழிச் சொல்தான், மிகுந்த இனிப்பு என்று பொருள். நாட்டு மருந்துக் கடையில் இந்தப் பெயரைச் சொன்னால்தான் கிடைக்கும். ஆங்கிலச் சொல்லான லிக்கரிஸின் மூலமும் 'இனிப்பு வேர்' என்ற கிரேக்கச் சொல்தான். இதை அளவின்றித் தின்றால் உடலில் பொட்டாசியம் குறையும், ரத்த அழுத்தம் ஏறும். அந்த எச்சரிக்கையை 'அணிச்சல் சாப்பிடாதீர்கள்' என்று மொழிபெயர்த்தால் படிப்பவர் எந்தப் பண்டத்தை விலக்குவார்?

1872 ஆகஸ்ட் 15 அன்று பிரிட்டனில் ரகசிய வாக்குமுறையில் முதல் நாடாளுமன்றத் தேர்தல் நடந்ததும் பான்டிஃப்ராக்டில்தான். அன்று வாக்குப்பெட்டியின் அரக்கில் பதித்தது, டன்ஹில் தொழிற்சாலையில் இந்த வில்லைகளுக்கு முத்திரை குத்தும் அச்சு. அந்தப் பெட்டி இன்றும் ஊர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.