செவ்வாய் ஏழரை மணி எட்டரை ஆன கதை

நவம்பர் முதல் வாரம், செவ்வாய்க்கிழமை. நியூயார்க் வாடிக்கையாளரோடு வாராவாரம் பேசும் நேரம் இரவு 7:30. தோசையைப் பாதியில் வைத்துவிட்டு ஓடி வந்து உட்கார்ந்தேன். திரையில் என் முகம் மட்டும். எட்டு மணி வரை பார்த்துவிட்டுக் கோபத்தோடு மூடினேன். எட்டரைக்கு அவர் வந்து எனக்காகக் காத்திருக்கிறார். இரண்டு பேருமே சொன்ன நேரத்துக்குத்தான் வந்திருந்தோம்!

அமெரிக்காவின் பெரும்பகுதியில் மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள், நவம்பர் முதல் ஞாயிறு திருப்பி வைப்பார்கள். 2007 முதல் இந்தத் தேதிகள்தான். நமக்கு அந்தப் பழக்கம் இல்லை. எல்லா ஊர் மணிக்கும் அளவுகோலான உலகப் பொது நேரத்தைவிட (UTC) வருஷம் முழுக்க ஐந்தரை மணி முன்னால் இருக்கிறோம். அதனால் நியூயார்க்கின் காலை 10 மணி கோடையில் நமக்கு இரவு 7:30, குளிர்காலத்தில் 8:30.

காலண்டர் செயலி இதை எப்படிச் சமாளிக்கிறது? ஒரே ஒரு சந்திப்பு என்றால் சுலபம், உலகப் பொது நேரத்துக்கு மாற்றிக் குறித்தாலே அநேகமாகப் போதும். வாராவாரம் வரும் சந்திப்புக்கு அது சரிப்படாது. அதற்கு 52 வரிகளும் எழுதுவதில்லை. 1998-இல் வெளியான ஐகாலண்டர் என்ற பொது வடிவத்தில் முக்கியமாக மூன்று விஷயங்கள் இருக்கும்: முதல் சந்திப்பின் தேதியும் நேரமும், 'வாரம் ஒருமுறை, செவ்வாய்' என்ற விதி, அப்புறம் ஓர் ஊர்ப்பெயர். 'அமெரிக்கா/நியூயார்க்', 'ஆசியா/கொல்கத்தா' என்கிற மாதிரி.

எனக்கு மிகவும் பிடித்தது இந்த ஊர்ப்பெயர்தான். நியூயார்க்கை 'உலகப் பொது நேரத்துக்கு நான்கு மணி நேரம் பின்னால்' என்று எண்ணாக எழுதினால் நவம்பரில் அது பொய்யாகிவிடும். ஊர் மாறாது. அந்த ஊரில் எந்தத் தேதியில் மணி எத்தனை என்பதற்குத் தனியாக ஒரு நேர மண்டலத் தரவுத்தளம் இருக்கிறது. 1980களில் ஆர்தர் டேவிட் ஓல்சன் தொடங்கியது. இன்று நம் கைப்பேசிகள் பெரும்பாலும் அதைத்தான் நம்பியிருக்கின்றன. இலங்கை 1996 மே மாதம் ஐந்தரையிலிருந்து ஆறரைக்குப் போனது, அதே அக்டோபரில் ஆறுக்கு இறங்கியது, 2006 ஏப்ரலில் மறுபடி ஐந்தரைக்கு வந்தது. 'ஆசியா/கொழும்பு' என்ற பெயருக்குக் கீழே இத்தனையும் பதிவாகியிருக்கிறது. நாளைக்கு ஓர் அரசு சட்டத்தை மாற்றினால் இந்தத் தரவுத்தளத்தைத் திருத்தினால் போதும். அந்தத் திருத்தம் நம் கைப்பேசிக்கு வந்ததும் காலண்டர் விதியை வைத்துப் புதிதாகக் கணக்குப் போட்டுக்கொள்ளும்.

என் தவறு இப்போது புரிந்திருக்கும். சந்திப்பை நான் 'ஆசியா/கொல்கத்தா 7:30' என்று உருவாக்கியிருந்தேன். அவர் தன் காலண்டரில் 'நியூயார்க் 10' என்று வைத்திருந்தார். அக்டோபர் வரை இரண்டும் ஒரே நேரம்.

யாருடைய கடிகாரப்படி சந்திப்பு நடக்கிறதோ, அவருடைய ஊரில் அதை உருவாக்க வேண்டும். கூகுள் காலண்டரில் நிகழ்வின் நேரத்துக்குப் பக்கத்திலேயே நேர மண்டலத்தை மாற்றலாம். அமைப்புகளில் இரண்டாவது மண்டலத்தைச் சேர்த்தால் நம் மணியும் அவர்கள் மணியும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். அதைவிட நல்லது, அவரையே அழைப்பு அனுப்பச் சொல்லி ஏற்றுக்கொள்வது.

லண்டன்காரரும் சேர்ந்தால் மார்ச்சில் கூடுதல் கவனம் வேண்டும். பிரிட்டன் மாற்றுவது மார்ச் கடைசி ஞாயிறுதான். 2026-இல் அமெரிக்கா மார்ச் 8, பிரிட்டன் மார்ச் 29. இடையில் மூன்று வாரம் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் நான்கே மணி நேர வித்தியாசம். அந்த மூன்று வாரமும் முந்தைய நாளே மூன்று ஊர் மணியையும் போட்டு ஒரு செய்தி அனுப்பிவிடுகிறேன்.