காந்தம் ஒட்டினால் விண்கல்லா?

“சார், செம வெயிட்டா இருக்கு, காந்தம் ஒட்டுது. விண்கல்தானே?” வாட்ஸ்அப்பில் கல் படம் அனுப்புகிறவர்களில் பாதிப்பேர் இப்படித்தான் கேட்கிறார்கள். படம் சேலம், திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்திருந்தால் பெரிதாக்கிப் பார்க்கும் முன்பே பதில் ஏறக்குறையத் தெரிந்துவிடும். கஞ்சமலை, கவுத்திமலை எல்லாம் காந்தத்தில் ஒட்டும் மேக்னடைட் என்ற இரும்புத் தாது நிறைந்த மலைகள். மேக்னடைட்டின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 5.2 கிராம், சாதாரண கிரானைட்டுக்கு 2.7தான். கனக்காமல் என்ன செய்யும்? காந்தம் ஒட்டாமல்தான் என்ன செய்யும்?

கஞ்சமலைக் கல்லை வெயிலில் சாய்த்துப் பாருங்கள். கருப்பும் வெள்ளையுமாக மெல்லிய வரிகள் ஓடும். மேக்னடைட்டும் குவார்ட்ஸும் மாறி மாறிப் படிந்தவை. வெள்ளைக் குவார்ட்ஸ் வரி தெரிந்தாலே அது பூமியின் கல். டைல்ஸின் மெருகில்லாத பின்பக்கத்தில் அழுத்தித் தேய்த்தால் மேக்னடைட் கருப்புக் கோடு போடும், இன்னொரு இரும்புத் தாதான ஹேமடைட் செங்காவிக் கோடு போடும். புதிதாக விழுந்த விண்கல் பெரும்பாலும் கோடே போடாது.

இன்னொரு ஏமாற்றுக்காரன் இரும்புக் கசடு. கொடுமணல் மாதிரி அந்தக் காலத்தில் இரும்பு உருக்கிய இடங்கள் கொங்கு நாட்டில் உண்டு. உருகி வழிந்த தோற்றமும் கருநிறமும் சேர்ந்தால் வானத்திலிருந்து எரிந்து விழுந்தது போலவே இருக்கும். உடைந்த முகத்தில் குமிழித் துளைகள் இருந்தால் ஆசையை விட்டுவிடலாம்.

உண்மையான விண்கல் நம் பக்கமும் விழுந்திருக்கிறது. 2008 செப்டம்பர் 12 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சூளகிரியில் விழுந்ததன் எடை சுமார் 110 கிலோ. அது எல்எல்6 வகைக் காண்ட்ரைட். காண்ட்ரைட் என்பது பரவலாகக் கிடைக்கும் கல் வகை விண்கல்; சாதாரணக் காண்ட்ரைட்டுகளில் எல்எல் என்பது உலோக இரும்பு மிகக் குறைந்த வகை. காந்தம் அதில் பலவீனமாகத்தான் இழுக்கும். நிலாவிலிருந்தும் செவ்வாயிலிருந்தும் வந்த கற்களில் பல காந்தத்தை அவ்வளவாகச் சட்டை செய்வதில்லை. காந்தச் சோதனையை நம்பினால் கஞ்சமலைக் கல்லை வீட்டில் வைத்துக்கொண்டு, விண்கல்லைத் தூக்கி எறிந்துவிடுவோம்.

பார்க்க வேண்டியது தோலை. அதிவேகத்தில் காற்றைக் கிழித்து வரும்போது சூடேறி உருகியதால் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத கருப்பு மேலோடு படிந்திருக்கும். முனை பெயர்ந்த இடத்தில் உள்ளே வெளிர் சாம்பல் நிறம் தெரியும். சிலவற்றின் மேல் களிமண்ணில் கட்டைவிரல் அழுத்தியது போன்ற பள்ளங்கள் இருக்கும். சந்தேகம் தீரவில்லையென்றால் ஒரு மூலையில் நகக்கண் அளவுக்கு மட்டும் அரத்தால் ராவுங்கள். காண்ட்ரைட் என்றால் சாம்பல் நிறத்தில் அங்கங்கே வெள்ளிப் பொட்டுகளாக உலோகம் மின்னும். முழுக்க உலோகமாகவே இருந்தால் நிக்கல் இருக்கிறதா என்று ஆய்வகம்தான் சொல்ல வேண்டும். இரும்பு விண்கல் என்றால் சுமார் 5 சதவீதமாவது இருக்கும்.

நல்ல கல் என்று தோன்றினால் வலுவான நியோடிமியம் காந்தத்தை அருகில் கொண்டுபோகவே வேண்டாம். செவ்வாயிலிருந்து வந்து ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் கிடைத்த ஒரு கல்லில், கோடிக்கணக்கான ஆண்டுகளாக உறைந்திருந்த, செவ்வாயின் பழைய காந்தப்புலத்தின் பதிவு இப்படிக் காந்தம் பட்டே அழிந்துபோனது.

அரிசியை இழுக்கும் அதிசயக் கலசம் என்று சொல்லி ஏமாற்றும் ‘ரைஸ் புல்லர்’ கோஷ்டி மாதிரியே இதிலும் ஆட்கள் இருக்கிறார்கள். கோடிக்கு விலை பேசி, “டெஸ்டிங் செலவு” என்று முதலில் உங்களிடமே பணம் கேட்பார்கள். கொடுக்காதீர்கள். இந்தியாவில் விழும் விண்கற்களைப் பாதுகாக்கும் பொறுப்பு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையுடையது. கண்ணெதிரே கல் விழுந்தால் நேரத்தையும் வந்த திசையையும் குறித்துக்கொண்டு, கிடந்த இடத்தையும் சேர்த்துப் படம் எடுங்கள். கழுவாமல் சுத்தமான அலுமினியத் தாளில் சுற்றி வைத்துவிட்டு விஏஓவிடம் சொல்லுங்கள். மஞ்சள் குங்குமம் வைக்க வேண்டாம்.