கண்ணாப்பை: சொல்லும் பொருளும்

கல்லிடைக்குறிச்சியில் எங்கள் ஆச்சி வாழ்ந்த வீட்டைப் பிரித்தபோது, மச்சில் கிடந்த சாக்கு மூட்டைக்குள்ளிருந்து உருளியும் சருவமும் இரண்டு பானை மூடிகளும் வந்த பிறகு, அடியில் ஒரு பித்தளைப் பொருள் அகப்பட்டது. ஒரு சாண் அகலமுள்ள வட்டத் தகடு. விளிம்பு அரை விரற்கடை உயரத்துக்கு எழும்பியிருந்தது. தகடு முழுவதும் பாசிப்பயறு நுழையும் அளவில் வட்டத் துளைகள் வரிசை பிசகாமல் இடப்பட்டிருந்தன. ஒன்றரை முழ நீளமுள்ள இரும்புக் காம்பை மூன்று ஆணிகள் அறைந்து பிணைத்திருந்தார்கள். காம்பு தகட்டோடு சேரும் இடத்துக்கு அடியில், கட்டைவிரல் நீளத்தில் ஒரு கொக்கி கீழ்நோக்கி வளைந்திருந்தது.

அது எதற்கானது என்று கூடியிருந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். சென்னையில் வளர்ந்த தங்கை மகள் சோறு வடிக்கும் தட்டு என்றாள். மதினி மாவு சலிப்பதற்கு என்றார். பெரியம்மை மட்டும் திண்ணையில் இருந்தபடியே பார்த்துவிட்டு, “இது கண்ணாப்பைல்லா, இதுகூடத் தெரியலையா ஒங்களுக்கு?” என்றார். பெயர் கிடைத்துவிட்டது, ஆனால் பயன் முழுவதும் கிடைக்கவில்லை என்பது சிறிது நேரம் கழித்துத்தான் விளங்கியது. அந்தப் பெயரையும் பொருளையும் பற்றி அறிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

கண்ணாப்பை என்பது துளையுள்ள கரண்டி; கண்ணகப்பை என்பதன் பேச்சு வடிவம். அகப்பை என்னும் சொல் பேச்சில் ஆப்பை என்று சுருங்கும். நடுவில் நிற்கும் ககரம் தேய்ந்து, முன்னுள்ள அகரம் நீளுவது தமிழில் இயல்பான மாற்றம். அகப்பட்டது என்பதை நாம் ஆப்பட்டது, ஆம்புட்டது என்று சொல்வதும் இதே வழியில்தான். கண், ஆப்பை என்னும் இரண்டு சொற்களும் சேரும்போது, தனிக்குறிலுக்குப் பின் நிற்கும் மெய் இரட்டிக்கும் என்ற விதிப்படி கண்ணாப்பை ஆகிறது. ஆகவே இது கொச்சை என்று ஒதுக்க வேண்டிய சொல் அன்று. இலக்கண முறைப்படி பிறந்து, அடுப்படியில் வளர்ந்த சொல். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம் மலையாளத்திலும் கண்ணாப்ப என்றே வழங்குகிறார்கள். செங்கோட்டை திருவிதாங்கூரோடும், பின் 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த பகுதி. கொள்வினை கொடுப்பினை இரு பக்கமும் உண்டு என்பதால், இந்தச் சொல் மலையின் இரு சரிவுகளிலும் ஒன்றாகவே வாழ்வதில் வியப்பில்லை.

அகப்பை என்பதை அகம், பை என்று பிரித்து, உள்குழிந்தது என்று பொருள் சொல்வது வழக்கம். கன்னடத்தில் அகபெ என்றும் தெலுங்கில் அகப என்றும் உறவுச் சொற்கள் இருப்பதால், இது தென்னாட்டு மொழிகளுக்குப் பொதுவான பழைய சொல் என்பது தெளிவு. இலக்கியத்தில் இதே கருவிக்கு மூழை என்ற பெயரும் உண்டு. நல்லோர் சொல்லின் அருமை அறியாத பேதையை, ‘பாற்கூழை மூழை சுவையுணரா தாங்கு’ என்று நாலடியார் காட்டுகிறது. பாற்கூழுக்குள்ளேயே கிடந்தாலும் அதன் சுவை மூழைக்குத் தெரியாது என்பது பொருள். மூழை வழக்கிழந்துவிட்டது. அகப்பையோ, சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும் என்ற பழமொழியில் எல்லோர் வாயிலும் இருக்கிறது. திருச்செந்தூருக்கு விரதம் இருப்பவர்கள் இந்தச் சட்டியைச் சஷ்டி என்றும் அகப்பையை அகத்துப் பை, அதாவது கருப்பை என்றும் கொண்டு வேறு பொருள் சொல்வார்கள். அந்தப் பொருள் பக்தியில் பிறந்தது. பழமொழி பிறந்த இடம் அடுப்படிதான் என்பது என் எண்ணம்.

பழைய அகப்பை உலோகத்தால் ஆனதன்று. தேங்காயை உடைத்தால் கிடைக்கும் இரண்டு சிரட்டைகளில் ஒன்றில் கண் இருக்கும், மற்றதில் இருக்காது. கண் இல்லாத பாதியை எடுத்து, ஓரத்தில் எதிரெதிராக இரண்டு துளையிட்டு, மூங்கில் காம்பைச் செருகினால் அகப்பை. கண் உள்ள பாதியில் குழம்பு நிற்காது. ஆனால் அதன் கண்ணைத் திறந்து, மாவை நிரப்பி, நீராவி வரும் வாயில் கவிழாமல் வைத்தால் சிரட்டைப் புட்டு வேகும். ஆவி உள்ளே ஏறுவதற்கு வழியாக இருப்பது அந்த ஒரு கண்தான். ஆகவே, கண் உள்ள பாத்திரம், கண் இல்லாத பாத்திரம் என்ற பாகுபாடு நம் சமையலறையில் தேங்காயிலிருந்தே தொடங்குகிறது என்று சொல்லலாம். கண்ணகப்பை என்ற பெயரை வைத்தவர்கள், கசியக் கூடாத கருவியில் வேண்டுமென்றே கண் திறந்த புதுமையைத்தான் பெயரில் குறித்தார்கள்.

இங்கே கண் என்பது துளை. உடலுறுப்பின் பெயர் இவ்வளவு தொலைவு பயணம் செய்திருப்பதை நினைக்கும்தோறும் எனக்கு மகிழ்ச்சி உண்டாகிறது. சல்லடைக்குக் கண் உண்டு, வலைக்குக் கண் உண்டு, புண்ணுக்குக் கண் உண்டு. தேரிக்காட்டுப் பனையிலிருந்து இறக்கும் நுங்கை மூன்று கண் நுங்கு என்று கேட்டு வாங்குகிறோம். மதகுக்கும் பாலத்துக்கும்கூடக் கண்தான்; திருநெல்வேலியையும் பாளையங்கோட்டையையும் இணைத்துத் தாமிரபரணியின் மேல் 1843இல் திறக்கப்பட்ட சுலோச்சன முதலியார் பாலத்துக்கு 11 கண்கள். ஆற்று வெள்ளம் போகும் வழியும், எண்ணெய்ச் சொட்டு இறங்கும் வழியும் ஒரே சொல்லால் குறிக்கப்படுகின்றன. துளை என்று சொன்னால் வெறும் ஓட்டை. கண் என்று சொன்னால் ஒன்று கடந்து போவதற்காக விடப்பட்ட வழி என்ற பொருள் தானாகச் சேர்ந்துவிடுகிறது.

இந்தக் கருவிக்குத் தமிழ்நாட்டில் பரவலாக வழங்கும் மற்றொரு பெயர் ஜாரணி அல்லது ஜாரணிக் கரண்டி. பலகாரக் கடைகளிலும் பாத்திரக் கடைகளிலும் இதுவே அதிகம் காதில் விழும். இது வடபுல மொழிகளிலிருந்து வந்தது. இந்தியில் ஜர்னா என்னும் வினைக்குச் சொட்டுதல், ஒழுகுதல், உதிர்தல் என்று பொருள். துளையுள்ள கரண்டிக்கும் அதே பெயர், அருவிக்கும் அதே பெயர். குற்றாலத்தை அருகில் வைத்துக்கொண்டிருக்கும் நமக்கு, அருவியும் கரண்டியும் ஒரு பெயரில் நிற்பது அழகாகவே தோன்றும். கவனித்துப் பார்த்தால், அவர்கள் விழுகின்ற நீரைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். நாம் நீர் விழுவதற்கு வழிவிட்ட கண்ணைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறோம். ஜாரணியைச் சாரணி என்று எழுதினால் தமிழாகிவிடும் என்று சிலர் கருதுகிறார்கள். அதனால் எழுத்து மாறுமே தவிரச் சொல்லின் பிறப்பு மாறாது. கண்ணாப்பை கையில் இருக்கும்போது அந்த ஒட்டுவேலை தேவையும் இல்லை.

அரிகரண்டி, வடிகரண்டி, சல்லடைக் கரண்டி என்ற பெயர்களும் உண்டு. இவற்றுள் அரிகரண்டி எனக்குப் பிடித்தமானது. அரித்தல் என்றால் நீர்மத்தில் கலந்துள்ள திடப்பொருளை வேறாக்குதல். அரிசியில் கல் அரிக்கிறோம் அல்லவா, அதே அரித்தல். எண்ணெய்க்குள்ளிருந்து வடையை மட்டும் எடுத்து, எண்ணெயை விட்டுவிட்டு வரும் கரண்டிக்கு அது பொருத்தமான பெயர். அண்மையில் துளைக்கரண்டி என்று எழுதுபவர்களையும் பார்க்கிறேன். பொருள் விளங்கும், பிழை இல்லை. ஆனால் மக்கள் வாயில் உயிரோடு இருக்கும் ஒரு சொல்லை விட்டுவிட்டு, அதற்கு மேல் இன்னொன்றைப் புதிதாக ஆக்குவது வீண் உழைப்பு. பொதுப்பெயராகக் கண்ணகப்பை என்று எழுதலாம். பேசும்போது கண்ணாப்பை என்றே சொல்லலாம்.

பொதுப்பெயர் என்று சொல்லும்போதே சிக்கல் தொடங்கிவிடுகிறது. கண் உள்ள கரண்டிகள் எல்லாம் ஒரே வேலையைச் செய்வதில்லை. பலகாரத்தை எண்ணெயிலிருந்து எடுக்கும் கண்ணாப்பை சற்றே குழிந்திருக்கும். எடுத்தது உருண்டு விழாமல் நிற்பதற்கு அந்தக் குழிவு வேண்டும். கண்கள் எண்ணெய் இறங்கும் அளவுக்குப் பெரியவை, பலகாரம் விழாத அளவுக்குச் சிறியவை. அதற்குமேல் அளவு பற்றிய கண்டிப்பு கிடையாது. பூந்திக் கரண்டி அப்படியன்று. தட்டையாக இருக்க வேண்டும், எல்லாக் கண்களும் ஒரே அளவில் வட்டமாக இருக்க வேண்டும். கரைத்த கடலைமாவை அதில் ஊற்றி, காம்பைச் சட்டியின் விளிம்பில் தட்டினால் சொட்டுச் சொட்டாக விழும். விழும் சொட்டைத் தன் பரப்பு இழுவிசையே உருண்டையாக்குகிறது. மாவு நீர்த்திருந்தால் எண்ணெயில் பட்டதும் பரந்து தட்டையாகும், கெட்டியாக இருந்தால் வால் முளைக்கும். கரண்டியை எண்ணெய்க்கு மிக அருகில் பிடித்தால் ஆவி பட்டுக் கண்களிலேயே மாவு வெந்து அடைத்துக்கொள்ளும்.

மூன்றாவது வகை சேவு தேய்க்கும் கரண்டி. சாத்தூரிலும் கோவில்பட்டியிலும் காராச்சேவு போடும் இடத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். பிசைந்த மாவை அந்தத் தகட்டின் மேல் வைத்து, உள்ளங்கையின் அடிப்பகுதியால் முன்னோக்கி அழுத்தித் தேய்ப்பார்கள். சேவு என்பது சேமியாவோடு உறவுள்ள வடசொல். காரமும் சேர்ந்து காராச்சேவு ஆயிற்று. அதைத் தமிழாக்கத் தேவை இல்லை. அது தெற்கத்திச் சொல்லாகவே ஆகி நெடுங்காலமாயிற்று.

ஆச்சி வீட்டுப் பித்தளையை இந்த மூன்றோடும் ஒப்பிட்டுப் பார்த்தேன். தட்டையாக இருந்ததால் அது எடுக்கும் கண்ணாப்பை இல்லை. பூந்திக் கரண்டியாக இருக்கலாமோ என்று எண்ணியபோது, புளி போட்டுத் தேய்த்த பிறகு தகட்டின் மேற்புறம் ஒன்றைக் காட்டியது. நடுப்பகுதியில், காம்பின் திசையிலேயே நீளவாக்கில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தேய்மானம் இருந்தது. அந்த இடத்தில் கண்களின் மேல்விளிம்பு மழுங்கி வழவழப்பாக இருந்தது; அதே கண்களின் அடிவிளிம்போ, விரல் வைத்தால் கீறும்படி கூர்மையாகவே இருந்தது. ஊற்றிய மாவு பித்தளையை இப்படித் தேய்க்காது. ஆண்டாண்டுகளாக ஒரு கை ஒரே திசையில் அழுத்தித் தேய்த்ததன் தடம் அது. அடியிலிருந்த கொக்கியும் அப்போது பொருள்பட்டது. தேய்க்கும்போது கரண்டி முன்னால் நழுவிப் போகாமல், சட்டியின் விளிம்பில் மாட்டி நிற்பதற்காகவே அதை வைத்திருக்கிறார்கள்.

கண் திறந்த பாத்திரம் இந்த ஆற்றங்கரைக்குப் புதிதன்று. கல்லிடைக்குறிச்சியிலிருந்து தாமிரபரணியோடு கிழக்கே போனால் வரும் ஆதிச்சநல்லூரில், 1899 முதல் 1905 வரை தொல்லியல் ஆய்வாளர் அலெக்சாண்டர் ரீ அகழ்ந்தெடுத்த வெண்கலப் பொருள்களுள், சிறு கிண்ணத்துக்குள் பொருந்தும்படி செய்த துளைக் கிண்ணங்களும் இருந்தன. அவற்றின் துளைகள் வட்டத்துக்குள் வட்டமாகவும் அரைவட்டமாகவும் கோலம்போல இடப்பட்டிருந்தன. எதையோ வடிப்பதற்குச் செய்த பாத்திரத்தில், வடிந்தால் போதும் என்று விட்டுவிடாமல் கோலமும் இட்ட அந்தக் கைகளை நினைத்தால் மனம் நெகிழ்கிறது. எங்கள் பித்தளையில் கோலம் இல்லை. ஆனால் ஒரு கண்கூட வரிசை தவறவில்லை.

பெரியம்மையிடம் தேய்மானத்தைக் காட்டியதும் நினைவு வந்துவிட்டது. “ஆமா, சேவு தேய்க்க கண்ணாப்பை இது. எங்க அத்தை தீவாளிக்கு எடுப்பாக. எடுக்கதுக்கு வேற உண்டு, அது குழியா இருக்கும்” என்றார். அவர் வழக்கில் எல்லாமே கண்ணாப்பைதான். தேய்க்க ஒன்று, எடுக்க ஒன்று என்று முன்னால் ஒரு வினையைச் சேர்த்து வேறுபடுத்திக்கொள்கிறார். எழுத்தில் தேய்கண்ணகப்பை, எடுகண்ணகப்பை என்று நீட்டிக்கொண்டு போவதைவிட இதுவே நேரானது.

மறுநாள் சீனிச்சட்டியில் எண்ணெய் வைத்தோம். இந்தச் சட்டியின் பெயரில் இருப்பது இனிப்பு அன்று, சீன நாடு. சீனச்சட்டி என்பதே இப்படித் திரிந்தது. கடலைமாவும் அரிசிமாவும் மிளகாய்ப்பொடியும் பூண்டு விழுதும் சேர்த்துப் பெரியம்மை பிசைந்தார். கொக்கி சட்டி விளிம்பில் சொல்லி வைத்தாற்போல உட்கார்ந்தது. தேய்மானம் இருந்த இடத்திலேயே அவர் உள்ளங்கை போய்ப் பதிந்தது. முதல் தேய்ப்பில் ஒன்றும் விழவில்லை. மாவில் சிறிது தண்ணீர் தெளித்துப் பிசைந்து மறுபடியும் தேய்த்தபோது, விரல் நீளச் சேவுகள் உதிர்ந்து எண்ணெயில் விழுந்தன. நுரை அடங்கியதும் அவற்றை எடுப்பதற்கு, மதினி உள்ளே போய்க் குழிந்த கண்ணாப்பையைக் கொண்டுவந்தார்.