ஆனந்தமைடும் அதை வெட்டும் நொதியும்

"சார், நம்ம மூளையே கஞ்சா மாதிரி ஒண்ணைத் தயாரிக்குதாமே. அப்புறம் அது எப்படி சார் கெடுதல்?"

போதை மீட்பு சிகிச்சைக்கு வந்த கல்லூரி மாணவர் ஒருவர் கேட்டது. அப்படிச் சொல்லும் ஒரு வீடியோவையும் போனில் காட்டினார். அது சொன்னது உண்மைதான், ஆனால் பாதி.

1992-ல் ஜெருசலேமில் வேதியியலாளர் ரஃபேல் மெக்கூலமின் குழு, பன்றியின் மூளையிலிருந்து ஒரு கொழுப்புப் பொருளைப் பிரித்தெடுத்தது. ஆனந்தம் என்ற சொல்லை வைத்தே அதற்கு ஆனந்தமைடு என்று பெயரிட்டார்கள். அடுத்து 1995-ல் இதே வகையைச் சேர்ந்த 2-ஏஜி தெரியவந்தது. இவற்றை மூளை சேமித்து வைப்பதில்லை. ஒரு நரம்பு செல்லுக்குச் செய்தி அளவுக்கு மீறி வரும்போது, அது தன் சவ்விலிருந்தே 2-ஏஜியைத் தயாரித்து, அனுப்பிய செல்லுக்கே திருப்பி விடுகிறது. "போதும், குறைச்சுக்கோ" என்று சொல்வது போல. அங்கே செய்தியைப் பெறும் புரதமான சிபி1 ஏற்பி அதைப் பிடித்துக்கொள்கிறது.

சரி, சொல்லியாயிற்று. இனி அந்த 2-ஏஜி அங்கே நிற்கக் கூடாது. எம்ஏஜிஎல் என்ற நொதி (என்சைம்) அதே நரம்பு முனையில் காத்திருந்து அதை வெட்டிவிடுகிறது. எலி மூளையில் 2-ஏஜி சிதைவில் சுமார் 85 சதவீதம் இந்த ஒரு நொதியின் வேலை. ஆனந்தமைடை வெட்டுவது எஃப்ஏஏஎச் என்ற இன்னொரு நொதி. இதனால் தடை விரைவிலேயே விலகி, செல் வழக்கம்போல் பேசத் தொடங்குகிறது.

கஞ்சாவில் போதை தரும் பொருளான டிஎச்சியும் இதே சிபி1 ஏற்பியில்தான் போய் ஒட்டுகிறது. ஆனால் அதை இந்த இரண்டு நொதிகளாலும் வெட்ட முடியாது. கல்லீரல்தான் மெதுவாகக் கழிக்க வேண்டும். அதற்குள் கொழுப்பிலும் தங்கிவிடுகிறது. தினமும் புகைத்தால் சிபி1 ஏற்பிகள் குறைந்துபோகின்றன. நிறுத்தியதும் தூக்கமின்மை, எரிச்சல், பசியின்மை வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

"அப்போ அந்த நொதியைத் தடுத்தா நல்லதுதானே?" என்றார் மாணவர். நல்ல கேள்வி. எலிகளில் எம்ஏஜிஎல்லைத் தொடர்ந்து தடுத்தபோதும் ஏற்பிகள் மழுங்கின. 2016 ஜனவரியில் பிரான்சின் ரென் நகரில், எஃப்ஏஏஎச்சைத் தடுக்கும் ஒரு மருந்தின் பரிசோதனையில் தன்னார்வலர் ஒருவர் இறந்தே போனார். அந்த மருந்து வேறு நொதிகளையும் பாதிப்பது பிறகு தெரிந்தது. இணையத்தில் 'ஆனந்தமைடைக் கூட்டும்' என்று விற்கும் மாத்திரைகளை தயவுசெய்து வாங்காதீர்கள்.

"எப்போ சார் தூக்கம் வரும்?" என்று கடைசியாகக் கேட்டார். முதல் வாரம்தான் கடினம் என்றேன். முழுதாக நிறுத்தியவர்களின் ஸ்கேனில் சுமார் 4 வாரத்தில் ஏற்பிகள் பெருமளவு மீண்டிருக்கின்றன. காலண்டரில் 28 நாள் எண்ணி அந்தத் தேதியை வட்டமிட்டுக் கொடுத்தேன். ஆனால் 3-ஆம் நாளே அம்மாவோடு வரச் சொல்லியிருக்கிறேன்.